பதினாறு வயதுப் பெண்ணின் கதையில் என் குரலே கேட்கிறது. எப்படிச் சரிசெய்வது?

ஈர மை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு வருடமாக ஓர் இளையோர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வயது 34. இதற்கு முன்பு எழுதிய சிறுகதைகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. யங் அடல்ட் என்கிறார்களே, அந்தப் பதின்வயது வாசகர்களை மனதில் வைத்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

கதை இதுதான். மதிக்கு 16 வயது. அவளுடைய உயிர்த்தோழி தீபா ஒரு திங்கட்கிழமை காலையில் காரணமே சொல்லாமல் விலகிப்போகிறாள். ஏன் என்று மதி தேடிக்கொண்டே போகிறாள். தீபாவின் அப்பாவுக்கு வேலை போயிருக்கிறது, வீட்டில் அதை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், மதி வகுப்பில் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை தீபாவைச் சுட்டிருக்கிறது. நடுவில் தீபா தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஓர் அத்தியாயம் வருகிறது. கடைசியில் அவர்களுடைய ஆசிரியை இருவரையும் கூப்பிட்டுப் பேசிச் சேர்த்துவைக்கிறார். ஒரு கல்வியாண்டு முழுக்க நடக்கும் கதை, 210 பக்கம்.

நண்பர்கள் மூன்று பேர் படித்தார்கள். மூவரும் அருமை என்றார்கள். அப்புறம் அக்கா மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு 15 வயது. நாற்பது பக்கம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு சித்தி. ஆனா மதி பேசுறது நீங்க பேசுற மாதிரியே இருக்கு" என்றாள். அன்றிலிருந்து ஒரு வரிகூட ஓடவில்லை.

முதல் பத்தியை இங்கே போடுகிறேன்:

"அந்த நாட்களில் எனக்கு உலகம் என்றால் என்னவென்றே தெரியாது. பதினாறு வயதின் வெகுளித்தனத்தில், நட்பு என்பது நிரந்தரம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தீபா என்னை விட்டு விலகி வேறொரு பெஞ்சில் சென்று அமர்ந்த அந்தக் காலைப்பொழுதில்தான் வாழ்க்கை எனக்கு முதல் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. என் இதயம் நொறுங்கியது. காலம் எல்லாக் காயங்களையும் ஆற்றும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை."

எங்கே தவறுகிறது? இப்போதைய பிள்ளைகள் பேசும் பேச்சைக் கொஞ்சம் தூவினால் சரியாகுமா? அந்தக் காயப்படுத்திக்கொள்ளும் அத்தியாயத்தில் எவ்வளவு எழுதலாம்? இந்த வகையில் எழுதியவர்கள், இந்த வயதுப் பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

நூலகத்து ஜன்னல்

உங்கள் அக்கா மகளை விட்டுவிடாதீர்கள். நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து சொல்லாததை அவள் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள்.

நான் பள்ளி நூலகர். 19 வருடமாக 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன். அவர்களுக்காக இரண்டு நாவல்களும் எழுதியிருக்கிறேன். அதில் முதல் நாவலின் முதல் பிரதி உங்கள் பிரதியின் உடன்பிறப்பு. அதனால் இதை நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரதியை, யார் எழுதியது என்று சொல்லாமல், எங்கள் வெள்ளிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் சத்தமாகப் படித்தேன். பன்னிரண்டு பிள்ளைகள். ஏழாவது பக்கத்தில் ஒரு பையன் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தான். பதினோராவது பக்கத்தில் ஒரு பெண் கை தூக்கினாள். "மேடம், இந்தப் பொண்ணு ஏன் டீச்சர் மாதிரியே பேசுது?" மற்றவர்கள் சிரிக்கக்கூட இல்லை, ஆமாம் என்று தலையாட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதை சொல்லும் பெண்ணுக்கு அந்த நாளில், அந்த நிமிடத்தில் தெரிந்திருக்க முடியாத எதை அவள் சொன்னாலும் அடிக்கோடு போட்டேன். முதல் முப்பது பக்கத்தில் 43 இடம். அந்த 43 இடத்திலும் பேசியது நான்.

உங்கள் பத்தியையும் அதே பென்சிலோடு படித்தேன்.

"அந்த நாட்களில்." இந்த இரண்டு சொல்லிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று வாசகிக்குத் தெரிந்துவிடுகிறது. கதை சொல்பவள் கரையேறி, துணி மாற்றி, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள். படிக்கும் பிள்ளை இன்னும் தண்ணீரில் இருக்கிறது. அதற்கு அது "அந்த நாட்கள்" இல்லை, இன்றைக்குக் காலை.

"வெகுளித்தனம்." தன்னை வெகுளி என்று நினைக்கிற 16 வயதுப் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. கையில் இருக்கிற தகவலை வைத்து அவர்கள் கவனமாகவே யோசிக்கிறார்கள். நட்பு நிரந்தரம் என்று மதி நம்பினால், அதற்கு அவளிடம் ஆதாரம் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், ஒரே பாஸ்வேர்டு, தீபாவின் கையெழுத்தை இவள் போடுவாள், இவளுடையதை அவள் போடுவாள். அந்த ஆதாரத்தைக் கொடுங்கள். வெகுளி என்பது பிற்பாடு நாம் கொடுக்கும் பட்டம்.

"வாழ்க்கை முதல் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது." கதை தொடங்கும் முன்பே கருத்துரை வந்துவிட்டது. பாடநூல்களில்தான் பிள்ளைகள் அதை நாள் முழுக்கப் படிக்கிறார்களே. உங்களிடம் வருவது அதிலிருந்து கொஞ்சம் மூச்சுவிட.

"இதயம் நொறுங்கியது." பத்தியில் எனக்கு மனசு வலித்த இடம் இதுதான், ஏனென்றால் உள்ளே ஒரு நல்ல காட்சி இருக்கிறது, அதை இந்த இரண்டு சொல் மூடிவிட்டது. தீபா வேறு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மதி அதை எங்கிருந்து பார்க்கிறாள், வாசலிலிருந்தா? பின்னால் வருகிறவர்கள் இடிக்கிறார்களா? தோளில் இருக்கும் பையை இறக்குகிறாளா? வழக்கமான இடத்துக்கே போகிறாளா, இல்லை தீபாவின் பக்கத்தில் போய் நிற்கிறாளா? முதல் மணி அடிக்க எத்தனை நிமிடம் இருக்கிறது? எல்லாவற்றையும்விட முக்கியம், அவள் தனக்குத்தானே என்ன காரணம் சொல்லிக்கொள்கிறாள்? நண்பன் முகம் திருப்பினால் முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் இதயம் நொறுங்காது. "போர்டு தெரியலையோ என்னவோ" என்று ஒரு காரணம் கண்டுபிடிப்போம். அந்தக் காரணம் எவ்வளவு மொக்கையாக இருக்கிறதோ அவ்வளவு வலி வாசகருக்கு.

"காலம் எல்லாக் காயங்களையும் ஆற்றும்." காயமே இன்னும் படவில்லை, அதற்குள் மருந்து. உங்களுக்கு இந்தப் பெண்ணின் மேல் பாசம், அவள் அழுவது பொறுக்கவில்லை, அதனால் ஓடிவந்து கையைப் பிடிக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது, நானும் அதையேதான் செய்தேன். ஆனால் 16 வயதில் யார் வந்து "எல்லாம் சரியாகிவிடும்" என்றாலும் நாம் நம்பவில்லை, இல்லையா? கூடவே உட்கார்ந்திருந்தவர்களைத்தான் நம்பினோம்.

மொழியைப் பற்றி ஒன்று. நம் தமிழில் எழுதுவதற்கும் பேசுவதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருப்பதால், இந்த வயது விஷயம் நமக்குக் கூடுதல் தொல்லை. "சென்று அமர்ந்தாள்", "வினவினாள்", "அறிந்திருக்கவில்லை" என்றெல்லாம் எழுதும்போதே சொல்பவளுக்கு இருபது வயது கூடிவிடுகிறது. "போய் உட்கார்ந்தாள்", "கேட்டாள்", "தெரியாது" என்று எழுதிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். அதற்காக முழு நாவலையும் பேச்சுத் தமிழில் எழுத வேண்டும் என்பதில்லை. நான் இருபது பக்கம் அப்படி எழுதிப் பார்த்தேன். உரையாடலாகப் படிக்கும்போது இனிக்கிற அதே எழுத்து, பக்கம் பக்கமாக வந்தால் கண்ணை அடிக்கிறது, பிள்ளைகளே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. கடைசியில் எனக்குக் கைகூடியது இதுதான்: வாக்கியம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், சொற்கள் வாயில் புழங்குபவையாக இருக்கட்டும், நீளம் ஒரு மூச்சுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். மேற்கோள் குறிக்குள் மட்டும் முழுப் பேச்சு.

இப்போதைய பிள்ளைகளின் சொற்களைத் தூவலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நூலகத்தில் நான் கேட்கும் சொற்கள் ஒரு வருடம் தாங்குவதில்லை. உங்கள் நாவல் எழுதி, திருத்தி, அச்சாகி வருவதற்குள் அவை பழசாகியிருக்கும். நண்பர்கள் இருவர் தங்களுக்குள் மட்டும் வைத்திருக்கும் சொல் பழசாகாது. மதியும் தீபாவும் கணக்கு வகுப்பை என்ன பெயரால் சொல்வார்கள்? அதை நீங்களே உருவாக்குங்கள். தீபா போன பிறகு அந்தச் சொல்லை யாரிடமும் சொல்ல முடியாமல் மதி நிற்கும் இடம் ஒன்று தானாகக் கிடைக்கும்.

அடுத்தது அந்த ஆசிரியை. இதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

என் பென்சில் வேலை முடிந்த மறுநாள் ஒரு தாளில் அத்தியாய எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த அத்தியாயத்தில் நடந்ததை யார் நடத்தியது என்று ஒரு பெயர் போட்டேன். கடைசி நான்கில் மூன்றுக்கு நேரே "மாமா" என்று வந்தது. கதாநாயகியின் பெயர் அங்கே இல்லவே இல்லை. பெரியவர் வந்து முடிச்சை அவிழ்க்கும் கதையில் பிள்ளை பார்வையாளராகிவிடுகிறது. இளையோர் நாவலையும் இளையோரைப் பற்றிய நாவலையும் நான் இதை வைத்துத்தான் பிரிக்கிறேன்: முடிச்சில் யார் கை இருக்கிறது?

ஆசிரியையை நீக்கிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பெரியவர்களே இல்லாத உலகம் பொய்யாகத் தெரியும். அவர் முயற்சி செய்யட்டும், அது தோற்கட்டும். இருவரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிடுகிறார். நல்ல மனுஷிதான், உண்மையான அக்கறைதான். "ரெண்டு பேரும் ஸாரி சொல்லுங்க" என்கிறார். இருவரும் சொல்கிறார்கள். வெளியே வந்ததும் ஒருத்தி இடது பக்கம் போகிறாள், இன்னொருத்தி வலது பக்கம். அந்த ஸாரி எப்படிப்பட்டது என்று பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மதி தனியாக என்ன செய்கிறாள் என்பதுதான் உங்கள் கடைசி மூன்று அத்தியாயம். தீபாவின் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வருகிறாளோ, தான் சொன்ன அந்த வார்த்தையை அதே வகுப்பில் எல்லோர் முன்னாலும் திரும்பப் பெறுகிறாளோ, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் சேராமலே போனாலும் சரி. மதியின் தப்பை மட்டும் கழுவிவிடாதீர்கள். "தெரியாமல்தானே சொன்னாள்" என்று கதைக்குள் யாராவது சொல்வார்கள், அந்த யாராவது நீங்களாக இருக்கக் கூடாது.

ஒரு கல்வியாண்டு என்றீர்கள். எதற்கு அவ்வளவு? என் இரண்டாவது நாவல் ஒன்பது நாளில் முடிகிறது. அந்த வயதில் அனுப்பிய செய்திக்கு இருபது நிமிடம் பதில் வராவிட்டால் அது ஒரு யுகம். "இரண்டு மாதங்கள் உருண்டோடின" என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா, தேடிப் பாருங்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொரு நாளும் காலையில் மதி அதே வகுப்பறைக்குள் நுழைந்திருக்கிறாள். உருண்டோடியிருக்க வாய்ப்பே இல்லை.

பிழைதிருத்தி

பதிப்புத் துறையில் பிரதி செம்மையாக்கும் வேலை பார்க்கிறேன். மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றில் மட்டும் இல்லை. திரும்பிப் பார்த்துச் சொல்லும் முறையே தப்பு என்று ஆகிவிடக் கூடாது. உலகம் முழுக்கப் பதின்வயதினர் தேடிப் படித்த நாவல்களில் சில அந்த முறையில் எழுதப்பட்டவைதான். நிகழ்காலத்தில் மூச்சிரைக்க ஓடும் பிரதிகள் மேசைக்கு வந்து குவிகின்றன. எல்லாமே "நான் நடக்கிறேன், நான் பார்க்கிறேன், என் கை நடுங்குகிறது" என்று போகிறது. அது வேறொரு நோய்.

ஈர மைக்கு நடைமுறையாக ஒன்றிரண்டு. நாயகியின் வயது 16 என்பது நல்ல தேர்வு. பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றித்தான் படிக்க விரும்புவார்கள், 13, 14 வயதினர் உங்களிடம் வருவார்கள். அளவு பற்றி இணையத்தில் படித்துக் குழம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பொதுவாக 50,000 முதல் 80,000 சொற்கள் என்பார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. "போய்க்கொண்டிருந்தவர்களோடு" என்பது நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு அதைச் சொல்ல ஐந்து சொல் வேண்டும். ஒரே கதை தமிழில் சொல் எண்ணிக்கையில் சுருங்கித்தான் வரும். எண்ணிக்கையைத் துரத்திப் பக்கத்தை நிரப்பாதீர்கள்.

அனுப்பும் முன்பு பதிப்பகம் இளையோர் நூல்கள் உண்மையிலேயே போடுகிறதா என்று பாருங்கள். சிறுவர் நூல் என்ற ஒரே அலமாரியில் படக்கதையோடு சேர்த்து உங்கள் நாவலை வைத்துவிட்டால், யாருக்காக எழுதினீர்களோ அவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். 15 வயதுப் பிள்ளை சிறுவர் பிரிவில் நிற்பதைத் தோழர்கள் பார்த்துவிடக் கூடாது.

செவிமடல்

அந்த அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பதின்வயதினருக்கு மனநல ஆலோசனை வழங்குவது என் தொழில்.

எழுதுங்கள். மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. அப்படி ஒரு வலியோடு இருக்கும் பிள்ளை உங்கள் பக்கத்தில் தன்னைக் கண்டால், நான் மட்டும் இல்லை என்று மூச்சுவிடும். ஆனால் எதனால், எங்கே, எப்படி என்ற விவரம் ஒரு வரிகூட வேண்டாம். இந்த வயதில் பார்த்துச் செய்யும் போக்கு அதிகம். எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருக்கும் வாசகர் அந்த விவரத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் திரைப்படத்துக்கும் மேடைக்கும் எழுதுகிறவர்களுக்காகத் தற்கொலைச் சித்திரிப்பு பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நாவலாசிரியர்களும் அதைப் படிக்க வேண்டும்.

உங்கள் கதையில் எனக்குக் கவலை தரும் இடம் வேறு. தீபாவின் காயம் மதியை மனம் மாற்றும் கருவியாக வந்துவிடக் கூடாது. "என் வலியைப் பார்த்ததும் அவள் திரும்பி வந்தாள்" என்று ஒரு பிள்ளை அதைப் படித்துக்கொண்டால், அது ஒரு வழி என்று ஆகிவிடும். மதி வருந்துவதற்கான காரணத்தை அந்த அத்தியாயத்துக்கு வெளியே வையுங்கள். தீபாவுக்கு நேராக "உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிற ஒரு பெரியவர் இருக்கட்டும். ஜன்னல் அக்கா சொன்னபடி நட்பின் முடிச்சைப் பிள்ளைகளே அவிழ்க்கட்டும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பெரியவர் உதவி வேண்டும். 16 வயதுத் தோழி தனியாகச் சுமக்க வேண்டிய பாரம் இது இல்லை, கதையிலும்கூட.

கடைசிபெஞ்ச்

எனக்கு 17. இதைப் பார்த்ததும் சொல்லணும்னு தோணிச்சு.

நாவல்ல பசங்க போன்ல மெசேஜ் அனுப்புற இடம் வந்தாலே நான் தாண்டிப் போயிடுவேன். ஒண்ணு, லெட்டர் எழுதுற மாதிரி முழு வாக்கியமா இருக்கும். இல்லன்னா எல்லா வார்த்தையையும் பாதியா வெட்டி, நாலு நாலா சிரிப்பு பொம்மை போட்டு வச்சிருப்பாங்க. ரெண்டுமே நாங்க இல்ல. மெசேஜ்ல என்ன எழுதியிருந்துச்சுங்கிறதுல எதுவுமே இல்ல. அவ டைப் பண்றான்னு மேல காட்டும், அப்புறம் நின்னுடும், மறுபடி காட்டும், மறுபடி நின்னுடும். கடைசியில "ம்" மட்டும் வரும். அந்த "ம்" வர்ற வரைக்கும் என்ன ஆகும்னு எழுதுங்க, படிப்பேன்.

அப்புறம் அம்மா அப்பாவை வில்லனா காட்டாதீங்க. முட்டாளாவும் காட்டாதீங்க. தீபா அப்பாவுக்கு வேலை போயிருக்குன்னா அவளுக்கு அவர் மேல கோவம் மட்டும் இருக்காது. அவர் தினமும் காலையில சட்டை போட்டுக்கிட்டு எங்க போறார்னு யோசிப்பா. எங்க வீட்லயும் ஒரு தடவை இப்படி ஆச்சு. அப்ப எங்கப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டு இருந்ததை நான் பார்த்துட்டே இருந்தேன், எதுவும் கேக்கல. இதை நீங்க எடுத்துக்கலாம்.

நூலகத்து ஜன்னல்

கடைசிபெஞ்ச் தம்பியோ தங்கச்சியோ, நீ எழுது. கதை என்று நினைக்காதே, அந்த ஷூ பாலிஷ் காலையை மட்டும் ஒரு பக்கம் எழுதி வை. உனக்கு இப்போது தெரிவது இருபது வருடம் கழித்து இப்படித் தெரியாது. எஸ். ஈ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதும்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 1967-ல் அது வெளியானபோது அவருக்கு 18 வயது. இந்த வகை நாவலுக்கே அடித்தளமாகச் சொல்லப்படும் புத்தகம் அது.

செவிமடல் சொன்னதைக் கேட்டு என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். முடிச்சு பிள்ளைகளுடையது, ஆனால் அந்த ஒரு இடத்தில் பெரியவர் வர வேண்டும். நான் அதை யோசிக்கவில்லை.

பிழைதிருத்தி, நீங்கள் சொன்னதும் நியாயம். திரும்பிப் பார்ப்பதே தப்பு என்கிற மாதிரி எழுதிவிட்டேன். சரியாகச் சொல்கிறேன். ஹின்டனின் கதைசொல்லிக்கு 14 வயது. நடந்து முடிந்த பிறகுதான் சொல்கிறான், ஆனால் எப்போது? பள்ளியில் கொடுத்த கட்டுரையாக எழுதுகிறான், எல்லாம் நடந்து கொஞ்ச காலத்துக்குள். சாலிங்கரின் 'தி கேட்சர் இன் தி ரை' 1951-ல் பெரியவர்களுக்கான நாவலாகத்தான் வெளிவந்தது, பதின்வயதினர் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அங்கே 17 வயதுப் பையன் 16 வயதில் நடந்ததைச் சொல்கிறான். இரண்டிலும் புண் ஆறவில்லை, பொருக்கு மட்டும் கட்டியிருக்கிறது. சொல்லிக்கொண்டே சொரிந்துகொள்கிறான். திரும்பிப் பார்க்கலாம், ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து என்பதுதான் கேள்வி. ஈர மையின் பத்தி இருபது வருடத் தூரத்திலிருந்து வந்தது. இறந்தகாலமோ நிகழ்காலமோ, வினைமுற்றை மாற்றுவதால் அது மாறாது. "நான் நிற்கிறேன், வாழ்க்கை எனக்கு முதல் பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது" என்று எழுதினாலும் நாற்பது வயதுதான்.

ஈர மை, அந்த முதல் பத்தியை மட்டும் மறுபடி எழுதுங்கள். மற்ற 209 பக்கத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். திங்கட்கிழமை காலை, முதல் மணிக்கு முன்பு, வகுப்பறை. அதற்கு அந்தப் பக்கம் நடந்த எதுவும் உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈர மை

நான்கு நாள் ஆனது. எல்லோருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு பதிலையும் நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

பென்சில் வேலையை நானும் செய்தேன். முப்பது பக்கத்தில் 61 இடம். "இரண்டு மாதங்கள் உருண்டோடின" அப்படியே இருந்தது, 88-ஆம் பக்கத்தில். அத்தியாயத் தாளில் கடைசி ஐந்திலும் ஆசிரியை பெயர்தான். தீபாவின் அத்தியாயத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், செவிமடல் சொன்ன வழிகாட்டியைப் படித்த பிறகுதான் அதைத் தொடுவேன். கடைசிபெஞ்ச், அந்த ஷூவை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அது உன்னுடையது. தீபாவின் அப்பாவுக்கு வேறு ஏதாவது தேடுகிறேன்.

பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"தீபாவின் பை மூன்றாவது பெஞ்சில் இருந்தது. எங்கள் பெஞ்ச் ஐந்தாவது. கூட்டுகிறவர்கள் மாற்றி வைத்திருப்பார்கள் என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இடத்தில், ஜன்னல் பக்கம், வைத்தேன். பை கனமாக இருந்தது, திங்கட்கிழமை அட்லஸ் கொண்டுவர வேண்டும். நான் என்னுடையதை மறந்துவிட்டேன், அவளுடையதைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் பிடிக்கப் போயிருந்தவள் உள்ளே வந்தாள். மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். அப்புறம் ஐந்தாவதைப் பார்த்தாள். 'பையை மாத்தி வச்சிருந்தாங்க' என்றேன். அவள் வந்து பையை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்கே போனாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மணி அடித்தது. புவியியல் மேடம் அட்லஸ் கொண்டுவராதவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். நான் அவளை வெறித்துப் பார்த்தபடி நின்றேன்."

அக்கா மகளுக்கு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. அவள் படித்துவிட்டாள் என்று மட்டும் போன் காட்டுகிறது.

நூலகத்து ஜன்னல்

பையைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறாளே, அதை நான் ஆயிரம் கேள்வி கேட்டிருந்தாலும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

கடைசி வரியில் "வெறித்துப் பார்த்தபடி" மட்டும் எடுத்துவிடுங்கள். வெறித்துப் பார்ப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும், அவளுக்கே தெரியாது. அவள் எழுந்து நிற்கிறாள், அவ்வளவுதான். வகுப்பில் வேறு யாரெல்லாம் எழுந்து நிற்கிறார்கள்? அவள் மட்டுமா?